'இது என்ன படம்?' என்று ஆரம்பிக்காதீர்கள்: சென்னைப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டிராயிங் மாஸ்டர்களுக்கும் டிராயிங் மிஸ்களுக்கும் வணக்கம்.

ராயப்பேட்டையில் படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாணப் போட்டோ, பட்டச் சான்றிதழ் எல்லாம் வரும். ஓவியர்களும் கேன்வாஸைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். நான் ஓவியக் கல்லூரியில் படித்தவனல்ல. ஆனால் ஓவியத்தை இரண்டு கையாலும் தூக்கி, கவிழ்த்து, ஓரம் பார்த்து, கட்டையில் இழுத்துக் கட்டுகிற வேலை என்னுடையது. அந்த உரிமையில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்க வந்தது இதுதான். அரூப ஓவியத்தை, அதாவது ஆள், மரம், வீடு என்று எந்த உருவமும் இல்லாமல் நிறத்தாலும் கோட்டாலும் மட்டும் ஆன ஓவியத்தை, உங்கள் வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். கல்லூரி வரை காத்திருக்க வேண்டாம், ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கலாம். அப்படி ஒரு படத்தின் முன்னால் பிள்ளைகளை உட்காரவைக்கும்போது, 'இது என்ன படம்?' என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள்.

கடையில் ஒரு பெரிய கேன்வாஸ் சுவரோரம் சாய்ந்திருந்தால் வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கேள்வி வரும்: 'என்னங்க இது?' பதில் கிடைக்காவிட்டால் அடுத்தது: 'இதை எங்க வீட்டுப் பையனே வரைவானே!' இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இரண்டு மலை, நடுவில் உதிக்கும் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, குறுக்கே ஓடும் ஆறு. ஓவியம் என்று பள்ளியில் அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். எதையாவது பார்த்து அதே மாதிரி வரைந்தால் மார்க். அந்தப் பழக்கத்தோடு வளர்ந்தவர் முன்னால் வெறும் நிறங்களை வைத்தால் அவர் வேறு என்ன கேட்பார்?

பிரேம் போடுகிறவனுக்கு மட்டும் தெரிகிற ஓர் இடம் கேன்வாஸில் உண்டு. துணியைக் கட்டையில் இழுத்துப் பின்பக்கம் ஆணியோ ஸ்டேப்ளரோ அடிக்கும்போது இரண்டு விரல் அகலத்துக்குத் துணி பக்கவாட்டில் மடியும். சட்டம் போட்டபின் அது மறைந்துவிடும். ஒரு படத்தை முன்னால் இருந்து பார்த்தால் முழுக்கக் காவி கலந்த சிவப்பு. மடிந்த ஓரத்தைப் பார்த்தால் வேறு கதை. முதலில் ஒரு நீலம் ஓடியிருக்கிறது. அதன்மேல் பச்சை. பிறகு ஓவியர் வெள்ளை பூசி எல்லாவற்றையும் மூடியிருக்கிறார். அந்த வெள்ளையும் காய்ந்தபிறகுதான் சிவப்பு வந்திருக்கிறது, அதுவும் மூன்று தரத்தில். கெட்டியாகப் பூசிய ஆயில் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். ஆக ஒருவர் அந்தச் சிவப்புக்கு வந்து சேர்வதற்குள் ஒரு முழு மழைக்காலம் போயிருக்கலாம். பின்பக்கம் கையெழுத்தும் வருடமும் இருக்கும். பக்கத்தில் மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறி. எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒன்றுதான் என்று அவர் நினைத்திருந்தால் அந்த அம்பு எதற்கு?

பிள்ளைகளிடம் இந்த ஓரத்தைக் காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த நிறம் முதலில் வந்தது, எதை மூட எது வந்தது, எந்த இடத்தை மூடாமல் விட்டார், ஏன் விட்டார்? இந்தக் கேள்விகளுக்குப் பத்து வயதுப் பிள்ளை பதில் தேடும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சந்தேகம் இல்லை என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தாத்தா போட்டோவுக்கு பிரேம் போட ஓர் அம்மா வந்திருந்தார். கூடவே ஏழாவது படிக்கும் மகள், கையில் டிராயிங் நோட்டு. 'மழைக்காலம்' என்பது வகுப்பில் கொடுத்த தலைப்பு. அந்தப் பெண் குடையும் வரையவில்லை, மேகமும் வரையவில்லை. பக்கம் முழுக்கச் சாய்வாகச் சாம்பல் கோடுகள், கீழே சேற்றுப் பழுப்பு, வலது மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மஞ்சள் தீற்றல். பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'படம் எங்கே?' என்று எழுதி, பத்துக்கு இரண்டு. எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை, எந்தப் பள்ளியிலும் நடந்திருக்கும். அந்த மஞ்சள் எதற்கு என்று கேட்டேன். 'அது இல்லாட்டி பக்கம் முழுக்க ஒரே அழுக்கா இருந்துச்சு அங்கிள், அதான் வெச்சேன்' என்றாள்.

ஒரு பரப்பை முழுதாகப் பார்த்து, அதற்கு என்ன குறைகிறது என்று கண்டுபிடித்து, அதை எங்கே வைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையே தீர்மானித்திருக்கிறது. அரூப ஓவியர்கள் ஆயுள் முழுக்கச் செய்வதும் இதைத்தான். அதற்கு இரண்டு மார்க் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

உங்களில் பலருக்கு இது ஏதோ ஐரோப்பியச் சமாச்சாரம் என்ற எண்ணம் இருக்கலாம். தொடக்கம் அங்கேதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொடக்கத்தில் நம் அடையாறுக்கும் ஒரு பங்கு உண்டு. எல்லா மதங்களுக்கும் பொதுவான ஆன்மிக ஞானத்தைத் தேடிய பிரம்மஞான சபையின் (தியosophical அல்ல, தியசாபிகல் சொசைட்டி) தலைமையிடம் 1882இலிருந்து அடையாறில் இருக்கிறது. அந்தச் சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் சேர்ந்து 1905இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். மனித எண்ணங்களுக்கு நிறமும் வடிவமும் உண்டு என்று சொல்லும் புத்தகம். கோபம், பயம், அன்பு ஒவ்வொன்றையும் வண்ண வடிவமாக வரையவைத்து அதில் சேர்த்தார்கள். இசைகூடப் படமாக வருகிறது. தேவாலயத்துக்குள் வாசித்த இசை கூரைக்கு மேலே நிற மலையாக எழுந்து நிற்கும். இரண்டு வருடம் கழித்துப் பெசன்ட் அம்மையார் சபையின் தலைவரானார். பெசன்ட் நகர் இன்றைக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் இந்தச் சபையின் கருத்துகளைத் தேடிப் படித்தவர்கள் யார் என்று பாருங்கள். ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் வரைந்த வாசிலி காண்டின்ஸ்கி, கலையில் ஆன்மிகம் பற்றி எழுதிய தன் நூலிலேயே பிரம்மஞான சபையைக் குறிப்பிடுகிறார். நெதர்லாந்தின் ஓவியர் பியட் மோண்ட்ரியான் 1909இல் அங்குள்ள சபையில் உறுப்பினராகவே சேர்ந்தார். ஸ்வீடனின் ஹில்மா ஆஃப் கிளிண்ட் என்ற பெண்மணி இவர்களுக்கெல்லாம் முன்பே, 1906இலேயே, உருவமற்ற ஓவியங்களை வரையத் தொடங்கிவிட்டார். அவருக்கும் இந்தச் சபையோடு தொடர்பு உண்டு. உலகம் இதற்குத் தயாராக இல்லை என்று நினைத்தவர், தான் இறந்து 20 ஆண்டு கழியும் வரை அந்தப் படங்களை யாருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு 1944இல் இறந்துபோனார். அவர் பெயர் பரவலாகத் தெரியவந்தது 1986க்குப் பிறகுதான்.

அரூப ஓவியம் அடையாறில் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. போட்டோகிராஃபி வந்து உருவத்தை அச்சாகப் பிடித்துக் கொடுத்தது, செசான் முதல் பிக்காசோ வரை பல ஓவியர்கள் உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்து வைத்திருந்தார்கள், இசை இருந்தது, அந்த நூற்றாண்டின் கொந்தளிப்பும் இருந்தது. எல்லாம் சேர்ந்துதான். ஆனாலும் அடையாறிலும் பெசன்ட் நகரிலும் படிக்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் தெருவுக்கும் காண்டின்ஸ்கிக்கும் இப்படி ஒரு நூல் ஓடுவதை யாராவது சொல்ல வேண்டாமா?

இசை என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரிக்குப் போனார் காண்டின்ஸ்கி. வழக்கமான சுருதி ஒழுங்கை உடைத்துக்கொண்டிருந்த இசை அது. வீட்டுக்கு வந்து சில நாளுக்குள் வரைந்த படத்தில் மஞ்சள் வெள்ளமாகப் பாய்கிறது. நடுவில் கறுப்பாக ஒரு பெரிய வடிவம், அது பியானோ. முன்னால் குனிந்திருக்கும் வளைவுகள், கேட்பவர்கள். உருவம் முழுதாகப் போகவில்லை, போய்க்கொண்டிருக்கிறது. வகுப்பில் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரிலும் மார்கழியில் மயிலாப்பூரிலோ தி.நகரிலோ சபாவில் உட்கார்ந்து அரை மணி நேரம் தோடி ஆலாபனை கேட்கிறவர், ஒரு சொல்கூட இல்லையே, இதற்கு என்ன அர்த்தம் என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பதில்லை. காதுக்குக் கொடுக்கிற அந்தச் சுதந்திரத்தைக் கண்ணுக்கும் கொடுக்கப் பழக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரி, நம் ஊர் ஓவியர்களுக்கு வருவோம். பெரியமேட்டில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரம் சிவப்புக் கட்டடங்களோடு நிற்கும் அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய ஓவியக் கல்விக்கூடங்களில் ஒன்று. உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரிக்குப் பிறகு, 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் அதன் முதல்வரானார். கோயம்புத்தூரில் பிறந்தவர், தென்னந்தோப்பும் கால்வாயுமாக நீர்வண்ணத்தில் அழகான நிலக்காட்சிகள் வரைந்து பெயர் வாங்கியவர். அதிலேயே இருந்திருந்தால் நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் ஐரோப்பிய நவீனத்தை அப்படியே எடுத்து வரைவதா, நம்முடையது என்று ஒன்று உண்டா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1963 வாக்கில் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டங்கள், கணக்கு நோட்டில் வருவது போன்ற குறிகள், மலையாள எழுத்து மாதிரி வரிவரியாக எதுவோ. படிக்கப் போனால் படிக்க வராது. படிப்பதற்காக எழுதியதல்ல அது. எழுத்தின் நடை மட்டும் மிஞ்சி, படம் முழுக்க ஓர் ஓலைச்சுவடியின் அடர்த்தியோடு நிற்கும். ஜாதகக் கட்டம் தெரியாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது. அந்தப் படத்துக்கு அவர்கள் அந்நியர்களே அல்ல.

அதே பணிக்கர்தான் 1966இல் தன் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம். மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். காலையில் கைவினை, மிச்ச நேரத்தில் ஓவியம். யாருடைய தயவும் இல்லாமல் ஓவியர்கள் தங்கள் காசில் கட்டிய ஊர் அது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற பள்ளிச் சுற்றுலா பஸ்கள் எல்லாம் அதன் வாசலைத் தாண்டித்தான் முதலைப் பண்ணைக்கும் மாமல்லபுரத்துக்கும் போகின்றன. ஒரு மணி நேரம் நிறுத்தினால் போதும். உள்ளே, மெட்ராஸ் இயக்கம் எனப்படும் இந்த ஓவியர்களின் படங்களுக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது.

மெட்ராஸ் ஓவியர்களிடம் கோட்டின் பலம் அதிகம். சந்தானராஜின் கோட்டைப் பார்த்தால் கை எங்கே வேகமெடுத்தது, எங்கே தயங்கியது என்று தெரியும். ஆதிமூலத்தைத் தமிழ் வாசகர்களுக்குத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திருச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, காந்தி நூற்றாண்டில் காந்தியைக் கறுப்பு மையில் கோடு கோடாக வரைந்து தள்ளியவர். நம் சிறுபத்திரிகைகளின் அட்டையிலும் உள்பக்கங்களிலும் அவர் கோடு இருக்கும். அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் கோடுகளை விட்டுவிட்டு ஆயிலில் நிறத்துக்குள் இறங்கினார். நிலமா, நீரா, வெயிலா என்று பிரிக்க முடியாத பெரிய பரப்புகள். உருவம் வராததால் அரூபத்துக்குப் போனார் என்று அவரைப் பற்றி யாராலும் சொல்ல முடியாது.

அச்சுதன் கூடல்லூரின் பாதை வேறு. கேரளத்தின் கூடல்லூரிலிருந்து பொறியியல் படித்துவிட்டு வேலைக்காகச் சென்னை வந்தவர். கவின் கலைக் கல்லூரி வளாகத்தில் மாலையில் கூடிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் ஓவியம் பழகினார். ஆரம்பத்தில் உருவங்கள் வரைந்தார், பிறகு முழுக்க நிறம். 2022இல் சென்னையிலேயே காலமானார். அவருடைய சிவப்பின் முன்னாலோ நீலத்தின் முன்னாலோ ஐந்து நிமிடம் நின்றால், ஒரே நிறம் என்று நினைத்தது ஒரே நிறமல்ல என்று கண்ணுக்குப் பிடிபடும். அச்சில் வராது, போனில் வரவே வராது. நேரில்தான் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், 'முதலில் ஒழுங்காக உருவம் வரையக் கற்றுக்கொள், அரூபம் அப்புறம்' என்று நீங்கள் அடிக்கடி சொல்வது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மோண்ட்ரியான்கூட மரத்தை வரைந்து வரைந்துதான் கோடுகளுக்கு வந்தார். 1908 வாக்கில் வரைந்த சிவப்பு மரம், 1911இல் சாம்பல் மரம், 1912இல் பூத்த ஆப்பிள் மரம் மூன்றையும் வரிசையாகப் பலகையில் ஒட்டிவைத்தால் மரம் எப்படிக் கிளைகளாகி, கிளை எப்படி வளைவுகளாகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆனால் எல்லாருக்கும் அதுதான் ஏணி என்று வைக்காதீர்கள். மெட்ராஸ் ஓவியர்களிலேயே ஹரிதாசன் தாந்திரிகக் குறியீடுகளிலிருந்து வந்தார். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் 1960களின் கடைசியில் பாரிஸ் போய்க்கூட முக்கோணமும் சதுரமுமாகத் தங்கள் வழியிலேயே போனார்கள். தேவகோட்டைக்காரரான பழனியப்பன் ஓவியங்களை அச்செடுக்கும் அச்சுக்கலையில் வேறொரு வழி பிடித்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள்.

இன்னொன்று. அரூபம் என்றதும் சில ஆசிரியர்கள் கோலத்தைக் காட்டி 'இதுதாம்மா நம்ம அப்ஸ்ட்ராக்ட்' என்று முடித்துவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், எனக்கு உடன்பாடில்லை. கோலத்துக்குப் புள்ளி இருக்கிறது, கணக்கு இருக்கிறது, கோடு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது போடுகிறவருக்குத் தெரியும். அம்மாவிடமிருந்து மகளுக்கு வருவது. வெறும் கேன்வாஸ் முன்னால் நிற்கிறவருக்குப் புள்ளி வைத்துக் கொடுக்க யாரும் இல்லை. எப்போது முடிந்தது என்பதையும் அவரேதான் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உரிய மரியாதையைத் தனித்தனியாகக் கொடுங்கள்.

உங்கள் நிலைமை தெரியாமல் எழுதவில்லை. பரீட்சை நெருங்கினால் டிராயிங் பீரியடைக் கணக்கு சாரோ சயின்ஸ் மிஸ்ஸோ வாங்கிக்கொள்கிறார்கள். பல பள்ளிகளில் ஓவிய ஆசிரியரே கிடையாது, இருக்கிற பலருக்கு வேலை நிரந்தரமில்லை. கலர் வாங்கப் பணம் கேட்டால் மேலே முகம் சுளிப்பார்கள். இதற்கு நடுவில் இது வேறா என்று தோன்றும். ஆனால் நான் கேட்பதற்குப் பெரிய செலவில்லை. வருடத்தில் ஒரு பீரியடைப் பார்ப்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். அன்றைக்கு யாரும் வரைய வேண்டாம். ஒரே ஒரு படம். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. பிறகு கேளுங்கள்: கண் முதலில் எங்கே போனது? அங்கிருந்து எங்கே நகர்ந்தது? எந்த இடம் கனமாக இருக்கிறது? இந்த மூலையை மறைத்தால் என்ன ஆகிறது? கையால் மறைத்துக் காட்டுங்கள், வகுப்பே பேச ஆரம்பிக்கும். தலைப்பையும் ஓவியர் பெயரையும் கடைசியில் சொல்லுங்கள். 'எனக்குப் பிடிக்கல மிஸ்' என்று ஒரு பிள்ளை சொன்னால் விட்டுவிடுங்கள். எது பிடிக்கவில்லை என்று மட்டும் கேளுங்கள்.

நேரில் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. ஈஞ்சம்பாக்கம் தூரம் என்றால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமி இருக்கிறது, அங்கே நடக்கும் கண்காட்சிகளுக்கு யாரும் நுழையலாம். எழும்பூர் அருங்காட்சியகம் வரை போகிற பள்ளிகளுக்குப் பெரியமேட்டுக் கவின் கலைக் கல்லூரி எட்டிய தூரம்தான். ஓவியர்கள் யாராவது அங்கே இருந்தால் பிள்ளைகளோடு பேசச் சொல்லுங்கள். என் கடைக்கு வருகிறவர்களை வைத்துச் சொல்கிறேன், குழந்தைகள் கேட்டால் அவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

மார்க் விஷயத்திலும் ஒரு வார்த்தை. கொடுத்த தலைப்புக்கு உருவம் இல்லாமல் ஒரு பிள்ளை வரைந்துவந்தால், சிவப்புப் பேனாவை எடுக்குமுன் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, 'இந்த நிறத்தை ஏன் இங்கே வெச்சே?' என்று கேளுங்கள். பதில் இருந்தால் அதற்கு மார்க் போடுங்கள். பதில் இல்லாமல் அவசரத்தில் கிறுக்கியிருந்தால் அதுவும் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

எங்களைப் போன்ற பிரேம் கடைகளில் வெட்டி மிஞ்சிய மவுண்ட் போர்டும் கேன்வாஸ் துண்டுகளும் எப்போதும் கிடக்கும். பழைய பேப்பர்காரருக்குத்தான் போகின்றன. உங்கள் பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். ராயப்பேட்டை, மயிலாப்பூர் பக்கத்துப் பள்ளி என்றால் என்னிடமே வரலாம். மதிய நேரத்தில் கூட்டம் இருக்காது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தால், அன்றைக்குக் கட்டையில் இருக்கும் கேன்வாஸைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஓரத்தையும் காட்டுகிறேன். ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டால் போதும், ஓவியரிடமும் அனுமதி கேட்டு வைத்துவிடுவேன்.

அன்புடன்,
ராயப்பேட்டையில் பிரேம் போடும் ஒருவன்
சென்னை